மாஸ் எஃபெக்ட் லெஜெண்டரி எடிஷன்: போர் முடிந்தது லண்டனிலா, ரான்னாக்கிலா?

கடைசி அறைக்கு வந்து சேர்ந்தபோது இரவு இரண்டே கால். திரையில் என் கதாநாயகி ஷெப்பர்ட் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். கவசம் கருகிப் போயிருக்கிறது. இடது பக்கம் நீலம், வலது பக்கம் சிவப்பு, நடுவில் பச்சை ஒளித் தூண். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அண்ணனுக்கு "முழிச்சிருக்கியா?" என்று ஒரு வரி அனுப்பினேன். அடுத்த நிமிடம் ஃபோன் அடித்தது.

"வந்துட்டியா அங்க?"

2012-இல் இதே இடத்தில் அவன் நின்றபோது நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு அவனுடையது, வேடிக்கை என்னுடையது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் தீராமல் ஓடும் வழக்கு ஒன்றுதான்: இந்தப் போர் உண்மையிலேயே முடிந்ததா, இல்லையா? உலகம் முழுக்க இந்த விளையாட்டை நேசிப்பவர்களுக்குள்ளும் இதே வழக்குதான் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று பாகங்களும் சேர்ந்த லெஜெண்டரி எடிஷனை நானே என் கையால் முதலிலிருந்து கடைசிவரை ஆடி முடித்த பிறகுதான், அந்த வழக்கு ஏன் தீராமல் இழுக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதனால் இந்த விமர்சனத்தில் படத் தெளிவைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும், முடிவைப் பற்றித்தான் அதிகம். கதை தெரியாமல் ஆட வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் தொகுப்பு. 2007, 2010, 2012 ஆண்டுகளில் வந்த மூன்று விளையாட்டுகளை பயோவேர் நிறுவனம் மெருகேற்றி 2021 மே மாதம் ஒரே பொதியாக வெளியிட்டது. தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த கூடுதல் அத்தியாயங்கள் ஏறக்குறைய எல்லாமே உள்ளே இருக்கின்றன. முதல் பாகத்தின் பினக்கிள் ஸ்டேஷன் மட்டும் இல்லை. அதன் மூல நிரல் பழுதாகிவிட்டதால் சேர்க்க முடியவில்லை. மூன்றாம் பாகத்தின் மல்டிபிளேயரும் இல்லை. முதல் பாகத்தில்தான் வேலை அதிகம் நடந்திருக்கிறது. துப்பாக்கி இப்போது குறி வைத்த இடத்தில் சுடுகிறது, மாக்கோ வண்டி பாறைகளில் தடுமாறாமல் ஏறுகிறது, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்த லிஃப்ட் பயணங்களைத் தாண்டிவிட முடிகிறது. இரண்டாம், மூன்றாம் பாகங்களில் படம் தெளிவாகியிருக்கிறது, ஆட்டம் பெரும்பாலும் பழையபடியேதான். எனக்கு மூன்றும் சேர்ந்து 118 மணி நேரம் ஆயின, ஏழு வாரம்.

அந்த ஏழு வாரம் என்பதுதான் முக்கியம். அண்ணனுக்கு இதே கதையை முடிக்க நான்கு ஆண்டுக்கு மேல் ஆனது. முதல் பாகத்தில் அவன் யாரைக் காப்பாற்றினான், யாரைச் சுட்டான் என்பது மூன்றாம் பாகம் வருவதற்குள் பாதி மறந்துபோயிருந்தது. எனக்கு எதுவும் மறக்க நேரமில்லை. ஆறு வாரத்துக்கு முன் நோவேரியாவில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணியைத் திறந்து விட்டது நேற்று நடந்ததுபோல் இருந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரீப்பர்கள் என்பவை உயிருள்ள ராட்சதக் கப்பல்கள். ஐம்பதாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை விண்மீன் மண்டலத்துக்குள் வந்து, முன்னேறிய உயிரினங்களையெல்லாம் அறுவடை செய்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. 2186-இல் நம் முறை. இவற்றைப் படை பலத்தால் வெல்ல முடியாது என்பதை மூன்றாம் பாகம் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதனால் அழிந்துபோன பழைய இனங்கள் கைமாற்றிக் கைமாற்றி விட்டுச்சென்ற ஒரு வரைபடத்தை வைத்து க்ரூசிபிள் என்ற ஆயுதத்தைக் கட்டுகிறார்கள். அதைச் சிட்டடல் என்ற விண்வெளி நிலையத்தோடு இணைத்ததும், கேட்டலிஸ்ட் என்ற செயற்கை அறிவு ஒரு சிறுவன் உருவத்தில் வந்து மூன்று வழிகளைக் காட்டுகிறது. சிவப்பு என்றால் ரீப்பர்கள் அழியும், அவற்றோடு எல்லாச் செயற்கை உயிர்களும் அழியும். நீலம் என்றால் ஷெப்பர்ட் தன் உடலை விட்டு ரீப்பர்களை ஆளும் அறிவாக மாறுவாள். பச்சை என்றால் எல்லா உயிரும், இயந்திரமும் உள்ளுக்குள் ஒன்றாகக் கலந்துவிடும்.

2012 மார்ச்சில் இது வந்தபோது எழுந்த கோபத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான் ஓடியது, வெடிப்பின் நிறம் மட்டும் மாறியது. ரசிகர்கள் நானூறுக்கும் மேற்பட்ட கப்கேக்குகளைச் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறக் கிரீம் தடவி பயோவேருக்கு அனுப்பினார்கள். மூன்றுக்கும் சுவை ஒன்றே. நிறுவனம் அவற்றை ஒரு காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது. முடிவை மாற்றச் சொல்லி நடந்த இயக்கம், நோயுற்ற குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கித் தரும் சைல்ட்ஸ் ப்ளே அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தது. கோபத்தை இப்படிக் காட்டத் தெரிந்தவர்கள் மேல் எனக்கு அன்றும் மரியாதை, இன்றும் மரியாதை.

அண்ணனுடைய வாதம் கப்கேக்கைவிடக் கனமானது. இரண்டாம் பாகத்தின் அரைவல் அத்தியாயத்தில் ஷெப்பர்ட் ஒரு மாஸ் ரிலேயைத் தகர்க்க வேண்டி வரும். விண்மீன்களுக்கு நடுவே கப்பல்களைத் தூக்கி எறியும் ராட்சதக் கருவிதான் ரிலே. அது ஒன்று வெடித்ததில் பஹாக் என்ற முழு மண்டலமே அழிந்து, பட்டேரியன் இனத்தவர் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவிலோ ரிலேக்கள் எல்லாமே வெடிக்கின்றன.

"ஒண்ணு வெடிச்சதுக்கே ஒரு சூரியன் போச்சு. இப்ப எல்லாம் வெடிக்குது. அப்ப மிச்சம் யாரு இருக்கா? யாருக்காகப் போர் ஜெயிச்சோம்?" என்று அன்று இரவே கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அப்படியே ரிலேக்கள் மட்டும் செத்து மனிதர்கள் பிழைத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பூமியைச் சுற்றி நிற்கும் அத்தனை கப்பல் படைகளும் ஊர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டன. டூரியன்களும் குவேரியன்களும் நம் உணவைச் சாப்பிட முடியாத உடல்வாகு கொண்டவர்கள். பசி வந்தால் அடுத்த போர் அங்கேயே தொடங்கும். இவ்வளவு நுணுக்கமாக உலகத்தைக் கட்டியவர்களே இதை யோசிக்காமல் விட்டார்களே என்பதுதான் அவன் ஆற்றாமை.

ஜூன் 26 அன்று இலவசமாக வந்த எக்ஸ்டெண்டட் கட் இதற்குப் பதில் சொன்னது. ரிலேக்கள் சேதமடைந்தன, ஆனால் திருப்பிக் கட்டலாம் என்று காட்டியது. கடைசிப் போர் நடக்கும் லண்டனில் நம்மோடு ஓடிய தோழர்கள் ஷெப்பர்டின் நார்மண்டி கப்பலுக்குள் எப்படி வந்தார்கள் என்பதற்கும் ஒரு காட்சி சேர்த்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் குரலில் ஒரு பின்னுரை வந்தது: சிவப்புக்கு அட்மிரல் ஹேக்கட், பச்சைக்குக் கப்பலின் செயற்கை அறிவான ஈடி, நீலத்துக்கு ரீப்பராகிவிட்ட ஷெப்பர்டே. மூன்று நிறத்தையும் மறுத்துவிடும் நான்காவது வழியையும் அப்போதுதான் திறந்தார்கள். லெஜெண்டரி எடிஷனில் இருப்பது இந்த நீட்டித்த முடிவுதான். பழைய முடிவைப் பார்க்க உள்ளே வழியே இல்லை. இது எனக்குக் குறையாகவே படுகிறது. அந்த வெறுமையைப் பார்க்காத புதியவர்களுக்கு இவ்வளவு சண்டை எதற்கென்றே புரியாது. பழசையும் ஒரு ஓரத்தில் வைத்திருக்கலாம்.

ஜூன் வருவதற்கு முன் அந்த மூன்று மாதமும் அண்ணன் இன்டாக்ட்ரினேஷன் தியரியில் இருந்தான். ரீப்பர்களின் அருகில் அதிக நேரம் இருப்பவர்களின் மனம் மெல்ல மெல்ல அவற்றின் வசமாகிவிடும் என்பது கதையிலேயே உள்ள விஷயம். லண்டனில் ஹார்பிஞ்சர் என்ற ரீப்பரின் ஒளிக்கற்றை தாக்கிய பிறகு நடப்பதெல்லாம் ஷெப்பர்டின் மனதுக்குள் நடக்கும் போராட்டம் என்பது தியரி. அதற்கான சான்றுகளை அவன் வரிசையாக அடுக்குவான். தொடக்கத்தில் வரும் அந்தச் சிறுவனை ஷெப்பர்டைத் தவிர யாரும் கண்டுகொள்வதில்லை. கடைசியில் கையில் இருக்கும் துப்பாக்கியில் குண்டு தீர்வதே இல்லை. எல்லாவற்றையும்விட, நிறங்கள் இடம் மாறியிருக்கின்றன. மூன்று பாகத்திலும் நல்வழிப் பேச்சு நீலம், முரட்டு வழிப் பேச்சு சிவப்பு. கடைசி அறையிலோ வில்லனான இல்யூசிவ் மேனின் கனவு நீல நிறத்திலும், ஷெப்பர்டின் வழிகாட்டியான ஆண்டர்சனின் ஆசை சிவப்பு நிறத்திலும் காட்டப்படுகின்றன. சிவப்பைத் தேர்ந்தெடுத்து, போதுமான படைபலமும் சேர்த்திருந்தால் கடைசியில் இடிபாடுகளுக்கு நடுவே ஷெப்பர்டின் என்7 கவசம் அணிந்த ஒரு மார்பு மூச்சை இழுக்கும். அது லண்டன் இடிபாடு போலவே இருக்கும். ஆகவே சிவப்பைத் தேர்ந்தெடுத்தவர்தான் கனவிலிருந்து விழிக்கிறார் என்பான்.

அழகான வாதம். இப்போது நிதானமாக ஆடும்போதும் அந்தச் சான்றுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. ஆனால் இந்தத் தியரியை ஏற்றால் போர் முடியவே இல்லை, ஷெப்பர்ட் விழிக்கும்போது ரீப்பர்கள் வானத்தில் அப்படியே நிற்கும் என்று அர்த்தம். முடிவு பிடிக்காத அன்பிலிருந்து பிறந்த வாதம் அது என்றே நினைக்கிறேன். என் மனம் அதில் ஒட்டவில்லை.

அன்று விற்பனைக்கு வந்தபடி கதையில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது, அது இந்தத் தொகுப்பில் அடைபட்டிருக்கிறது. கேட்டலிஸ்ட் என்பவன் கடைசி பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ வந்து குதித்ததாகத்தான் அன்று எல்லோருக்கும் பட்டது. பிறகு தனியாக வந்த லெவியதன் அத்தியாயம், ரீப்பர்களைப் படைத்தது யார், எந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு அறிவை உருவாக்கப்போய் அது படைத்தவர்களையே அறுவடை செய்தது என்பதையெல்லாம் சொல்கிறது. இப்போது அது நடுக்கதையிலேயே வந்துவிடுகிறது. நான் கடைசி அறைக்குப் போகும்போது அந்தச் சிறுவன் யார் என்று எனக்கு முன்பே தெரியும். அதேபோல் ஜாவிக். ஐம்பதாயிரம் ஆண்டு உறங்கி எழுந்த புரோத்தியன். அவன் இனம் ரீப்பர்களோடு பல நூற்றாண்டு போராடித் தோற்றது. போருக்கு நடுவிலேயே பிறந்து, போரைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஒருவன் கப்பலில் கூடவே இருந்தால்தான் "முடிவு" என்ற சொல்லின் எடை தெரிகிறது. முதன்முதலில் அவனைத் தனிக் கட்டணத்துக்கு விற்றது தவறு என்பதை இப்போது ஆடும் யாரும் உணர்வார்கள்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

இந்த மூன்று பாகமும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைச் சொல்லிக்கொண்டே வருகின்றன. ராக்னிகளோடு நடந்த போரை வெல்வதற்காக க்ரோகன்கள் என்ற முரட்டு இனத்தைக் கூட்டி வந்து ஆயுதம் கொடுத்தார்கள். அந்தப் போர் முடிந்தது, க்ரோகன்கள் பெருகிக் கிளர்ந்து எழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியை அடக்க ஜெனோஃபேஜ் நோயைப் பரப்பினார்கள். ஆயிரம் கருவில் ஒன்றுதான் உயிரோடு பிறக்கும். அந்தப் போரும் முடிந்தது, ஆனால் அதற்குப் பின் க்ரோகன்களின் கோளான டுச்சாங்காவில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக ஒரு தலைமுறை மாற்றி ஒரு தலைமுறை வெறுப்பைத்தான் வளர்த்தது. ஒரு போரை முடித்த விதம்தான் அடுத்த போரின் விதை. மூன்றாம் பாகம் ரீப்பர் போரைப் பின்னணியில் ஓடவிட்டு, நம்மை அந்தப் பழைய போர்களை முடிக்க அனுப்புகிறது.

டுச்சாங்காவில் அது நடக்கிறது. நோயை உண்டாக்கிய இனத்தைச் சேர்ந்த மோர்டின், மருந்தை வானில் கலக்க எரியும் கோபுரத்தின் மேலே தானே போகிறான். லிஃப்ட் மேலே ஏறும்போது ஒரு பாட்டை முணுமுணுக்கிறான். கோபுரம் வெடித்த பிறகு பொன் துகள்கள்போல ஏதோ காற்றில் இறங்கி வருகிறது, க்ரோகன்கள் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். எனக்கு க்ரோகன் தலைவன் ரெக்ஸ் உயிரோடு இருந்தான், க்ரோகன் பெண் ஈவ் உயிரோடு இருந்தாள், அதனால் இந்தப் போர் முடிந்தது என்று நம்ப முடிந்தது. முதல் பாகத்தில் ரெக்ஸை இழந்தவர்களுக்குத் தலைவனாக வருவது ரீவ். அவன் பேச்சில் பழிவாங்கல் வெளிப்படையாகவே கொப்பளிக்கும். அதே மருந்து, அதே கோபுரம், ஆனால் முடிவது போரா அமைதியா என்று சந்தேகம் வந்துவிடும். இதுதான் இந்த விளையாட்டின் தனித்தன்மை.

பிறகு குவேரியன்களின் சொந்தக் கோளான ரான்னாக். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

கெத் என்பவை குவேரியன்கள் வேலைக்காகப் படைத்த இயந்திரங்கள். தங்களுக்கு ஆன்மா உண்டா என்று அவை கேட்கத் தொடங்கியதும் குவேரியன்கள் பயந்து அழிக்கப் பார்த்தார்கள். கெத் திருப்பி அடித்து, படைத்தவர்களை ஊரை விட்டே துரத்தியது. அதிலிருந்து முந்நூறு ஆண்டாக 1 கோடியே 70 லட்சம் குவேரியன்கள் கப்பல்களிலேயே, கிருமிக்குப் பயந்து முகமூடிக்குள்ளேயே வாழ்கிறார்கள். முதல் பாகத்தில் நான் நூற்றுக்கணக்கான கெத்துகளைச் சுட்டுத் தள்ளினேன், ஒரு முறைகூட யோசிக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் கெத்தின் நினைவகத்துக்குள் நுழைந்து அந்த முதல் நாள்களைப் பார்க்க வேண்டி வரும். கெத்துகளைக் காப்பாற்ற நின்ற குவேரியன்களும் இருந்தார்கள், அவர்களைச் சுட்டது சொந்த இனமே. அந்தப் பதிவுகளைக் கெத் முந்நூறு ஆண்டாகப் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்த இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

நம்மோடு வரும் கெத்தின் பெயர் லீஜியன். ஒரே உடலுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரல்கள் கூடியிருப்பதால் அது தன்னைப் பன்மையில்தான் சொல்லும். தமிழில் நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு சொல் இருக்கின்றன. லீஜியன் ஆங்கிலத்தில் பேசும் ஒவ்வொரு முறையும் என் மனம் அதை "நாங்கள்" என்றே மாற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் வேறு, நாங்கள் வேறு என்ற தூரம் அதில் எப்போதும் இருந்தது. ரான்னாக் பாறை உச்சியில், தன் இனம் முழுமைக்கும் தனித்தனி அறிவைக் கொடுக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளப் போகும் நேரத்தில், லீஜியன் முதன்முறையாக "நான்" என்கிறது. பக்கத்தில் நிற்கும் டாலி, குவேரியன் பெண், முந்நூறு ஆண்டுக்கு முன் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் "ஆம்" என்று சொல்கிறாள். தெரியும், ஆனாலும் நன்றி என்கிறது லீஜியன். அந்தப் பன்மையிலிருந்து "நாம்" வரை போகும் வழி "நான்" வழியாகத்தான் போகிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. பிறகு டாலி முகமூடியைக் கழற்றிச் சொந்த ஊர்க் காற்றை ஒரு நிமிடம் முகத்தில் வாங்குகிறாள். பின்னால் வரும் உரையாடல்களில், கெத்துகள் குவேரியன் உடைகளுக்குள்ளேயே புகுந்து அவர்கள் உடலுக்கு நோய் எதிர்ப்பைப் பழக்குகின்றன என்று சொல்வாள். அழிக்க வந்தவர்களின் உடைக்குள் அழிக்கப்பட இருந்தவர்கள் மருத்துவராக இருக்கிறார்கள்.

இதுதான் போர் முடிவது. இந்த மூன்று பாகத்திலும் இதற்கு இணையான காட்சி எனக்கு வேறு இல்லை.

இந்த அமைதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இரண்டாம் பாகத்தில் டாலி, லீஜியன் இருவருமே பிழைத்திருக்க வேண்டும். அவர்களுக்கான பணிகளை முடித்திருப்பதும், டாலி நாடு கடத்தப்படாமல் இருப்பதும் இதற்குக் கை கொடுக்கும். இவை போதிய அளவு கூடி வராவிட்டால் ரான்னாக்கில் இரண்டு இனத்தில் ஒன்றை அழிய விட்டாக வேண்டும்.

இப்போது இரவு இரண்டே காலுக்குத் திரும்புகிறேன்.

"சிவப்புதானே? யோசிக்க என்ன இருக்கு?" என்றான் அண்ணன்.

"கெத் இருக்கே அண்ணா."

"கெத்தா? அது ரான்னாக்கிலேயே முடிஞ்சு போச்சே."

"உனக்கு முடிஞ்சுது. என்கிட்ட உயிரோட இருக்கு. டாலி ஊர்ல இருக்கு."

ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவன் ஆட்டத்தில் லீஜியன் இரண்டாம் பாகத்திலேயே செத்துவிட்டது. அதன் பணியை முடிக்காமலே, இரண்டாம் பாகத்தின் எதிரிகளான கலெக்டர்களின் தளத்தில் உள்ள காற்றுக் குழாய்க்குள் அனுப்பினான். கதவு மூடும் கடைசி நொடியில் ஒரு ராக்கெட் வந்து முகத்தில் பட்டது. எனக்கே அந்தக் காட்சி நினைவிருக்கிறது, நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதனால் ரான்னாக்கில் அவன் டாலியின் பக்கம் நின்று கெத்தை அழிய விட்டான். சிவப்பைத் தொட்டபோது அவன் கொடுத்த விலை ஈடி மட்டும்தான். எனக்கோ சிவப்பு என்றால் ஒரு இனம் முழுவதும். ரான்னாக்கில் முடித்து வைத்த போரை நானே திரும்பத் திறந்து, வேறு விதமாக முடிப்பது. இத்தனை வருடமாக நாங்கள் இரண்டு பேரும் வாதிட்டது ஒரே முடிவைப் பற்றியே இல்லை. ரசிகர்கள் நடுவே இந்த வழக்கு தீராததற்கும் காரணம் இதுதான் என்று நம்புகிறேன். ஒவ்வொருவரும் அந்த அறைக்குள் வேறு வேறு போரைக் கொண்டு வருகிறார்கள்.

அப்படியானால் நீலம்? ரீப்பர்கள் சாகவில்லை. ரிலேக்களைக் கட்டித் தருகின்றன, காவல் நிற்கின்றன. ஷெப்பர்ட் நல்வழியில் நடந்தவளாக இருந்தால் பின்னுரையின் தொனி கனிவாக இருக்கும், முரட்டு வழியில் நடந்தவளாக இருந்தால் அதே பின்னுரை மிரட்டும். அந்த ஒரு வேறுபாடே எனக்குப் போதும். ஒருத்தியின் மனநிலையில் தொங்கும் அமைதியை நான் முடிவு என்று சொல்ல மாட்டேன், போர் நிறுத்தம் என்பேன். பச்சையில் எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள், ஈடி வாழ்கிறாள், கெத் வாழ்கிறது. ஆனால் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. முதல் பாகத்தின் வில்லன் சேரன் உயிரும் இயந்திரமும் கலக்க வேண்டும் என்றான், மூன்றாம் பாகத்தின் இல்யூசிவ் மேன் ரீப்பர்களை ஆள வேண்டும் என்றான். இருவரையும் எதிர்த்து நின்ற நமக்கே கடைசியில் அந்த இரண்டு கனவும் பரிசாக நீட்டப்படுவது எனக்குச் செரிக்கவில்லை.

மறுப்பையும் பிறகு ஆடிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னதும் சிறுவன் குரல் சட்டென்று கனத்துவிடுகிறது. நம் காலம் அழிகிறது. ஷெப்பர்டின் தோழி லியாரா புதைத்து வைத்த பதிவுகளைக் கண்டெடுத்த அடுத்த சுழற்சியினர் ரீப்பர்களை வென்றதாகக் கடைசியில் தெரிய வரும். அங்கேயும் போர் முடிகிறது, பார்க்க நம்மில் யாரும் இல்லை. மற்ற முடிவுகளில் பனி மூடிய நிலத்தில் ஒரு முதியவர் பேரனுக்கு ஷெப்பர்டின் கதையைச் சொல்வார். அந்த முதியவருக்குக் குரல் கொடுத்தவர் நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின். அந்தத் தகவல் தெரிந்து கேட்டபோது அந்த ஒரு நிமிடம் எனக்கு வேறாக இருந்தது.

கேட்டலிஸ்டே ஒரு எச்சரிக்கை செய்கிறது: சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் அமைதி நிலைக்காது, உங்கள் பிள்ளைகள் மறுபடி இயந்திரங்களைப் படைப்பார்கள், மறுபடி போர் வரும். ரான்னாக்கை முடிக்காதவர்களுக்கு இதை மறுக்க வாய் இல்லை. எனக்கு இருந்தது, ஆனால் அதைச் சொல்ல விளையாட்டு எனக்கு ஒரு வரிகூடத் தரவில்லை. கெத்தும் குவேரியனும் இதோ இப்போது சேர்ந்து உன் கப்பல்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் பார் என்று அந்தச் சிறுவனிடம் சொல்ல முடிந்திருந்தால் இந்த முடிவை நான் முழு மனதோடு ஏற்றிருப்பேன். எழுதியவர்கள் தாங்களே கட்டிய மிகச் சிறந்த காட்சியைக் கடைசி அறையில் மறந்துவிட்டார்கள். என் பெரிய மனக்குறை இதுதான், 2012-இலும் இருந்தது, மெருகேற்றிய பதிப்பிலும் அப்படியே இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள். மூன்றையும் இடைவெளி விடாமல் ஆடுங்கள். இரண்டாம் பாகத்தில் லீஜியன் வந்ததும் அதன் பணியை உடனே முடியுங்கள், கடத்தப்படும் கப்பல் ஊழியர்களைத் தேடிப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாம் பாகத்தில் லெவியதனைக் கடைசிக்கு வைக்காதீர்கள். சிட்டடல் அத்தியாயத்தை மட்டும் இல்யூசிவ் மேனின் செர்பரஸ் அமைப்புத் தலைமையகத்தைத் தாக்கப் போவதற்குச் சற்று முன் ஆடுங்கள். அதில் வரும் விருந்தில் உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், பிறகு அப்படி ஒரு இரவு கிடைக்காது.

நான் சிவப்பைத்தான் தொட்டேன். சுட்டுக்கொண்டே நடக்கும்போது அண்ணன் ஃபோனில் இருந்தான், இருவரும் பேசவில்லை. நார்மண்டியின் நினைவுச் சுவரில் ஈடியின் பெயர் இருந்தது. இடிபாட்டில் மூச்சு வந்தது. "மூச்சு வந்துச்சா?" என்று கேட்டான், வந்தது என்றேன். மூன்று மணிக்கு ஃபோனை வைத்தோம்.

அந்த வாரக் கடைசியில் அவனே வாங்கிவிட்டான். முதல் பாகத்தின் முதல் மிஷன் நடக்கும் ஈடன் பிரைமில் இருக்கிறேன் என்று நேற்று செய்தி அனுப்பினான். கூடவே ஒரு கேள்வி: "கெத்தைச் சுடாம இந்த மிஷனை முடிக்க வழி இருக்கா?" இல்லை என்று எழுதி அனுப்பினேன்.